திரும்பும் வழியின் அகலம்

மகிழுந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு பெரும்பாலும் அதன் வேகத்தையும் வலுவையும் சுற்றியே அமையும். சற்று விவரம் அறிந்தோர் எஞ்சினின் கொள்ளளவைக் கூறுவர். இன்னும் சற்று அறிந்தோர் எரிபொருள் எஞ்சினுக்குச் செல்லும் முறையை விளக்குவர். ஆனால், எஞ்சின்வரை சென்று, அங்கே செலவாகாத எரிபொருள் மீண்டும் தொட்டிக்கு எவ்வாறு திரும்புகிறது என்று கேட்போர் மிகச் சிலரே. வண்டியின் அடிவயிற்றில், சேறும் புழுதியும் படிந்து, யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் ஒரு மெல்லிய குழாய் அந்த வேலையைச் செய்கிறது. பட்டறைகளில் அதனை 'ரிட்டர்ன் பைப்' என்பர். நாம் மீள்குழாய் எனலாம். பழைய மகிழுந்தின் உடலுக்குள் புதிய எஞ்சினைப் பொருத்த முனைவோர் பலர் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, இந்தக் குழாயின் அளவில் வந்து தடுமாறுகின்றனர். அதன் காரணத்தை ஆராய்ந்தால், இயந்திர நுட்பத்திற்கு அப்பாலும் பயன்படும் ஓர் உண்மை புலனாகும்.

இந்நாட்டில் பழைய மகிழுந்து என்றதும் பலருடைய நினைவுக்கு வருவது மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் உருவாக்கிய அவ்வண்டி 1948-ஆம் ஆண்டில் இலண்டன் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானிய மகிழுந்து என்ற பெருமையும் அதற்கு உண்டு. மலாயாவின் சாலைகளில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அது ஓடாத ஊர் இல்லை எனலாம். ஆசிரியர், கிராணி, டிரெசர் எனச் சிறுகச் சிறுகச் சேமித்துத் தலைநிமிர்ந்த குடும்பங்கள் பலவற்றின் வாசலில் நின்ற முதல் மகிழுந்து அதுவே. ஆகவே, அதனை வெறும் இரும்பாகக் கருதிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப இன்றும் பலருக்கு மனம் வருவதில்லை.

எனினும், மனம் வேறு, மலைச்சாலை வேறு. 1962-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த மைனரில் இருந்தது 1098 சி.சி. எஞ்சின், அதன் ஆற்றல் 48 குதிரைத்திறன். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகளில், பின்னிருக்கையில் மூவரை ஏற்றிக்கொண்டு அவ்வண்டி மூச்சு வாங்கும் காட்சி பரிதாபமானது. எனவே, உடலை அப்படியே காத்து, உள்ளே வலிய எஞ்சினைப் பொருத்தும் ஆசை பிறக்கிறது. சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் முறையான பரிசோதனையும் பெற்றே அதனைச் செய்தல் வேண்டும். நான்கு சக்கரங்களிலும் பழைய டிரம் பிரேக்குகளை வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்றுவது அறிவுடைமை ஆகாது என்பதும் பலரும் அறிந்ததே. அறியாதது எரிபொருள் வழியே.

மைனரின் எரிபொருள் அமைப்பு எளிமையே வடிவானது. வண்டியின் பின்புறம், பொருள் வைக்கும் இடத்தின் தரைக்கு அடியில் தொட்டி. அங்கிருந்து முன்புறம்வரை ஒரே ஒரு மெல்லிய குழாய். எஞ்சின் அறையில் சிறு மின்பம்பு. அதன் பின் கார்புரேட்டர். கார்புரேட்டருக்குள் உள்ள சிறு கிண்ணத்தில் மிதவை ஒன்று உண்டு. கிண்ணம் நிறைந்ததும் மிதவை எழுந்து, ஊசியால் வழியை அடைத்துவிடும். பம்பும் தன் துடிப்பை நிறுத்திக் காத்திருக்கும். வேண்டியபோது வேண்டிய அளவே சென்றதால், எதுவும் திரும்ப வேண்டிய தேவை இல்லை. ஆகவே, அந்த வண்டியில் மீள்குழாய் என்பதே கிடையாது.

பிற்கால எஞ்சின்களின் முறை வேறு. போஷ் நிறுவனம் 1967-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய மின்னணு எரிபொருள் பாய்ச்சும் முறையை ஃபோக்ஸ்வாகன் தன் மகிழுந்துகளில் பயன்படுத்தத் தொடங்கியது. அதன் பின் படிப்படியாக உலகெங்கும் அம்முறை பரவியது. இதில் கிண்ணமும் இல்லை, மிதவையும் இல்லை. இஞ்செக்டர் என்னும் நுண்ணிய தெளிப்பான், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி கட்டளையிடும் நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டும் திறந்து மூடுகிறது. திறந்திருக்கும் நேரத்தை அளந்துவிட்டால் பாயும் எரிபொருளை அளந்துவிட்டதாகப் பொருள். ஆனால், அந்த அளவை சரியாக இருக்க வேண்டுமாயின், இஞ்செக்டருக்குப் பின்னால் நிற்கும் அழுத்தம் மாறாமல் இருத்தல் வேண்டும். பல எஞ்சின்களில் அந்த அழுத்தம் ஏறத்தாழ 43 பி.எஸ்.ஐ. ஆகும். பழைய மைனரின் பம்பு தந்ததோ சில பி.எஸ்.ஐ. மட்டுமே.

மாறாத அழுத்தத்தைப் பெறப் பொறியியலாளர் கையாண்ட வழி எளியது. எஞ்சினுக்கு வேண்டியதைவிடப் பன்மடங்கு பெட்ரோலைப் பம்பு ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். இஞ்செக்டர்களைக் கடந்ததும் 'ரெகுலேட்டர்' எனப்படும் அழுத்தச் சீராக்கி நிற்கும். அதனுள் ஒரு சவ்வும் சுருள்வில்லும் உண்டு. அழுத்தம் குறித்த அளவை மீறினால் சவ்வு நெகிழ்ந்து வழிதிறக்க, மிகுந்த பெட்ரோல் மீள்குழாய் வழியே தொட்டிக்குச் சென்றுவிடும். அணையில் நீர்மட்டத்தைக் காக்கும் வழிந்தோடும் மதகு போன்றது அது. மதகுக்குக் கீழே ஓடும் கால்வாய் அடைபட்டிருந்தால், மதகைத் திறந்து என்ன பயன்?

2019-ஆம் ஆண்டில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நிகழ்ந்த ஒன்று இதனை நன்கு விளக்கும். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தம் தந்தையார் விட்டுச்சென்ற 1963-ஆம் ஆண்டு மோரிஸ் மைனரைப் போற்றிக் காத்து வந்தார். தந்தையார் தோட்ட மருத்துவமனையில் டிரெசராகப் பணியாற்றியவர். நள்ளிரவில் பிள்ளைப்பேற்று வலியால் துடித்த பெண்களை அந்த வண்டியில் ஏற்றிப் பட்டணத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதை அவ்வட்டாரத்து முதியோர் இன்றும் கூறுவதுண்டு. அத்தகைய வண்டியில் தம் பேரப்பிள்ளைகளை அமர்த்திக் கேமரன் மலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது பெரியவரின் ஆசை. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டப்பட்டு வரும் 'ஹாஃப் கட்' வண்டிகளை விற்கும் கடையில் டொயோட்டா 4ஏ-ஜிஇ எஞ்சின் ஒன்று கிடைத்தது. கொள்ளளவு 1587 சி.சி.; ஆற்றல் பழையதைப் போல் இரு மடங்குக்கும் மேல். பட்டறையை நடத்திய இளைஞர் கைத்திறன் மிக்கவர். வேலையில் நேர்மையும் உடையவர்.

எஞ்சின் அமர்ந்தது. மணிக்கு 190 லிட்டர் அனுப்பவல்ல பம்பும் வாங்கப்பட்டது. அப்போது இளைஞர் ஒரு யோசனை கூறினார்.

"ஐயா, பழைய குழாய் இன்னும் உறுதியாக இருக்கிறது, ஒரு சொட்டும் கசியவில்லை. முன்னால் போவதற்குப் புதுக் குழாய் போட்டுவிடுகிறேன். திரும்பி வருவதற்கு இந்தப் பழைய கால் அங்குலக் குழாயே போதும். மிச்சம் வருவதுதானே!"

பெரியவருக்கும் அது சரியெனவே பட்டது. தந்தையார் காலத்துக் குழாய் வீணாகாமல் வேறொரு பணியைப் பெறுவதில் அவருக்கு மகிழ்ச்சியும் இருந்தது. தொட்டியில் சிறு முனை ஒன்று புதிதாகப் பொருத்தப்பட்டு, பழைய குழாய் அதனுடன் இணைக்கப்பட்டது. எஞ்சினும் முதல் முயற்சியிலேயே உயிர்பெற்றது.

ஆனால், மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சாலையில் விரைந்து செல்லும்போது குறை பெரிதாகத் தெரியாத எஞ்சின், விளக்குக் கம்பத்தருகே நின்றபோது திணறியது. பின்புறம் கரும்புகை எழுந்தது. பெட்ரோல் நெடி வண்டிக்குள் வீசியது. தீப்பொறிச் செருகிகளைக் கழற்றிப் பார்த்தால் கரி அப்பிக் கிடந்தது. இளைஞர் இஞ்செக்டர்களை ஐயுற்றார். பின்னர்க் கட்டுப்பாட்டுப் பெட்டியை ஐயுற்றார். வேறொரு பெட்டி வாங்கலாமா என்னும் பேச்சு எழுந்தபோது பெரியவர் தடுத்தார்.

"தம்பி, முப்பது வருடம் கணக்கு எழுதியவன் நான். கணக்கு இடித்தால் புத்தகத்தைத் திருத்த மாட்டோம். முதலில் கிடங்கில் இருக்கும் சரக்கை எண்ணிப் பார்ப்போம். இங்கே எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது?"

இளைஞர் அழுத்தமானியைப் பொருத்தினார். சீராக்கியின் வெற்றிடக் குழாயைக் கழற்றிவிட்டு அளந்தால் 43 காட்ட வேண்டிய முள் 56-இல் நின்றது. பின்னர், வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, தீயணைப்பானை அருகில் வைத்து, மீள்குழாயைச் சீராக்கியின் அருகே கழற்றி, அதற்குப் பதில் அகலமான தற்காலிகக் குழாய் ஒன்றை மாட்டி, அதன் முனையை மூடியுள்ள பெட்ரோல் கலத்துக்குள் விட்டார். எஞ்சினை ஒரு நிமிடம் மட்டும் நின்ற நிலையில் இயக்கினார். முள் 43-க்கு இறங்கி அசையாமல் நின்றது. எஞ்சினிலும் திணறல் இல்லை. குற்றம் எஞ்சினிடம் இல்லை, திரும்பும் வழியிடமே என்பது அப்போதே முடிவாயிற்று.

ஆயினும், இருவரையும் வியப்பில் ஆழ்த்தியது அழுத்தமானி அன்று, கலத்தில் சேர்ந்திருந்த பெட்ரோல். ஒரே நிமிடத்தில் மூன்று லிட்டருக்கும் மேல்! அதே ஒரு நிமிடத்தில் எஞ்சின் பருகியது எவ்வளவு? அத்தகைய எஞ்சின் நின்ற நிலையில் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டரே செலவிடும். அப்படியானால் நிமிடத்துக்கு ஒரு மேசைக்கரண்டி அளவுதான். ஒரு கரண்டியை உண்டுவிட்டு மூன்று லிட்டரைத் திருப்பி அனுப்புகிறது. இதனையா இளைஞர் மிச்சம் என்றார்?

பிழை அந்தச் சொல்லிலேயே இருந்தது. மிச்சம் என்றால் சிறிது என்று மனம் தானே முடிவு செய்துகொள்கிறது. பந்தியில் இலையில் மிஞ்சுவது சிறிது. பையில் மிஞ்சும் காசு சிறிது. ஆனால், இங்கே திரும்புவதே பெரும்பகுதி, செலவாவதே சிறுபகுதி. முழு ஆற்றலுடன் மலையேறும்போதுகூட ஏறத்தாழ 115 குதிரைத்திறன் தரும் எஞ்சினுக்கு மணிக்கு 35 லிட்டர் போதும். 190-இல் 35 போக 155 லிட்டர் அப்போதும் திரும்பியாக வேண்டும். நின்ற நிலையிலோ 189 லிட்டர் திரும்புகிறது. ஆகவே, எஞ்சின் மிகக் கடுமையாக உழைக்கும்போது மீள்குழாயின் சுமை குறைகிறது. எஞ்சின் ஓய்ந்து நிற்கும்போது மீள்குழாயின் சுமை மிகுகிறது. விரைவில் மறைந்த குறை விளக்குக் கம்பத்தருகே வெளிப்பட்டது இதனால்தான்.

இதிலிருந்து முதல் விதி தானே பிறக்கும். மீள்குழாயின் அளவை முடிவு செய்வது எஞ்சின் அன்று, பம்பு. எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டுப் பயனில்லை. பம்பு மணிக்கு எத்தனை லிட்டர் அனுப்பும் என்றே கேட்க வேண்டும். அந்த முழு அளவும் திரும்புவதாகக் கொண்டே குழாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குழாயின் அகலம் சிறிது குறைந்தால் தடையும் சிறிதே கூடும் என்று எண்ணுவது இரண்டாவது மயக்கம். பெட்ரோல் குழாயில் சுழன்று விரைந்து பாயும்போது, விட்டம் பாதியானால் தடை இரு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை. ஏறத்தாழ முப்பது மடங்கு ஆகிறது. மைனர் போன்ற வண்டியில் மூன்றரை மீட்டர் நீளக் குழாயில் மணிக்கு 190 லிட்டர் திரும்புவதாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கால் அங்குலக் குழாயில் ஏறத்தாழ 8 பி.எஸ்.ஐ. எதிரழுத்தம் எழும். அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு, அதாவது சுமார் 8 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாயில் அது 2 பி.எஸ்.ஐ. அளவே. எட்டில் மூன்று பங்கு அங்குலக் குழாயில் 1 பி.எஸ்.ஐ.-க்கும் குறைவு. கண்ணுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். பாயும் பெட்ரோலுக்கோ அவை குறுக்குச் சந்தும் ஊர்ச்சாலையும் நெடுஞ்சாலையும் போன்றவை. இவை நேரான, வழுவழுப்பான குழாய்க்கு உரிய கணக்கு. வளைவுகளும் இணைப்புகளும் உட்புறத் துருவும் தடையை மேலும் கூட்டும்.

அப்படியாயின், ஜப்பானிய மகிழுந்துகள் பலவற்றில் 8 மில்லிமீட்டர் வழங்கு குழாயும் 6 மில்லிமீட்டர் மீள்குழாயும் இருப்பதேன் என்று வினவலாம். நல்ல வினா. அங்கே உருவாக்கியவர் பம்பையும் குழாயையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தார். மணிக்கு 90 லிட்டர் அனுப்பும் பம்பாயின் அதே கால் அங்குலக் குழாயில் எழும் எதிரழுத்தம் 2 பி.எஸ்.ஐ. அளவே. பம்பை மட்டும் பெரிதாக்கிக் குழாயை அப்படியே விடுவோர், அவர் போட்ட கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுகின்றனர். "பெரிய பம்பு இருந்தால் நல்லதுதானே" என்னும் பேச்சு பட்டறைகளில் அடிக்கடி கேட்கும். தேவைக்குமேல் பெரிய பம்பு நன்மை அன்று. வாங்கியவர் திரும்பும் வழிக்கு ஏற்றி வைத்த சுமை.

எதிரழுத்தம் ஒவ்வோர் அமைப்பிலும் ஒரே அளவு தீங்கு செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 43 பி.எஸ்.ஐ. காக்கும் சீராக்கிக்குப் பின்னால் 8 பி.எஸ்.ஐ. எழுந்தால் அது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால், புதிய எஞ்சினிலும் கார்புரேட்டரையே வைத்து, ஐந்தாறு பி.எஸ்.ஐ. காக்கும் மீள்வழிச் சீராக்கியைப் பொருத்துவோரும் உளர். அவர்களுக்கு 8 பி.எஸ்.ஐ. எதிரழுத்தம் என்பது கடக்க முடியாத சுவர். சீராக்கி முழுவதும் திறந்தாலும் அழுத்தம் இறங்காது. மிதவை ஊசி தோற்றுப்போய்ப் பெட்ரோல் வழியும். ஆகவே, குறைந்த அழுத்த அமைப்பில் மீள்குழாய் வழங்கு குழாய்க்கு நிகராகவோ அதனினும் பெரிதாகவோ இருத்தல் வேண்டும். மிகுந்த அழுத்த அமைப்பில் ஓர் அளவு சிறிதாக இருப்பினும் பெரும்பாலும் பழுதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பழைய குழாயின் எதிரழுத்தம் 8 பி.எஸ்.ஐ. மட்டுமே என்றால், சுங்கை சிப்புட் வண்டியில் முள் 56 வரை ஏறியது எவ்வாறு? இளைஞருக்கும் இவ்வையம் எழாமல் இல்லை. அவர் பழைய குழாயை அகற்றிவிட்டு 8 மில்லிமீட்டர்க் குழாயைப் பொருத்தினார். முள் 52-க்கு மட்டுமே இறங்கியது. புதுக் குழாயும் பயன் தரவில்லையே என்று அவர் சோர்ந்தபோது, பெரியவர் குழாயின் முழு வழியையும் விரலால் தொடர்ந்து சென்று, தொட்டியின் அருகே நின்றார்.

"தம்பி, எல்லா இடமும் அகலமாக இருக்கிறது. இந்த முனையின் துளை எவ்வளவு?"

கழற்றிப் பார்த்தபோது, தொட்டியில் புதிதாகப் பொருத்திய முனையின் துளை 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தது. வேறெதற்கோ செய்யப்பட்ட முனை. வெளிப்புறம் குழாய்க்குப் பொருந்தியதால் உட்புறத்தை யாரும் பார்க்கவில்லை. தக்க துளையுள்ள முனையைப் பொருத்தியதும் முள் 43-இல் அமைந்தது. கரும்புகை ஒழிந்தது. நின்ற நிலையில் எஞ்சினின் ஒலி கடிகாரம்போல் சீரானது.

பள்ளி விடும் நேரத்தை எண்ணிப் பார்ப்போர்க்கு இது எளிதில் விளங்கும். தாழ்வாரம் எவ்வளவு அகலமாக இருந்தாலும், வெளிவாயிலின் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தால், மணி அடித்ததும் பிள்ளைகளின் நெரிசல் வகுப்பறைவரை நீளும். தாழ்வாரத்தை மேலும் அகலமாக்கிப் பயனில்லை. ஒரு வழியின் அளவு என்பது அதன் மிகக் குறுகிய இடத்தின் அளவே. எனவே, குழாயின் விட்டத்தைக் கேட்டறிந்ததோடு நில்லாமல், இணைப்பு, வளைவு, வடிகட்டி, தொட்டி முனை என ஒவ்வொன்றின் உட்துளையையும் பார்த்தல் வேண்டும். வெளித்தோற்றம் இங்கே சான்று ஆகாது.

இந்தச் சிறு குறை விளைக்கும் கேடு சிறிதன்று. இஞ்செக்டரைக் கடக்கும் எரிபொருளின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். நின்ற நிலையில் சீராக்கி காக்க வேண்டிய அழுத்தத்தைக் காக்க இயலாதபோது, அந்த வண்டியின் எஞ்சினுக்குள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் மிகுதியான பெட்ரோல் பாய்ந்திருக்கும். எரியாத பெட்ரோல் உருளைச் சுவரில் படிந்துள்ள எண்ணெயைக் கழுவிவிடும். உலோகம் உலோகத்தோடு உராயும். எஞ்சின் தேய்வதற்கு இதனினும் நல்ல வழி வேறில்லை. பணம் போவது ஒருபுறம். கசியும் பெட்ரோல் உயிரையே கொள்ளும் என்பது மறுபுறம். பெட்ரோலின் ஆவி, உறைபனிக்கும் மிகக் கீழான குளிரிலேயே தீப்பற்றும் இயல்புடையது. நம் நாட்டு வெப்பத்தில் அதற்கு ஒரு பொறி போதும்.

ஆகவே, பழைய கார்புரேட்டர் காலத்து ரப்பர்க் குழாய்களை மிகுந்த அழுத்தம் நிற்கும் பக்கத்தில் பயன்படுத்துதல் கூடாது. எரிபொருள் பாய்ச்சும் முறைக்கென்றே செய்யப்பட்ட, எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 எனக் குறிக்கப்பட்ட குழாய்களும், ரப்பரை வெட்டாத வளைந்த விளிம்புடைய கவ்விகளும் வேண்டும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்குமாறு மின்னிணைப்பு அமைய வேண்டும். மோதல் நேர்ந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் விசையும் வேண்டும். இல்லையேல், கவிழ்ந்த வண்டியில் அறுந்த குழாய் வழியே பம்பு நிமிடத்துக்கு மூன்று லிட்டராகப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும். தொட்டியில் முனையைப் பற்றவைக்க முனைவோர் மேலும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். நிறைந்த தொட்டியைவிட வெறுந்தொட்டி கொடியது. வெடிப்பது உள்ளே நிற்கும் ஆவியே. அவ்வேலையை உரிய முறையில் தொட்டியைத் தூய்மை செய்யத் தெரிந்தவரிடமே விட வேண்டும். பற்றவைக்காமலே மரையால் இறுக்கும் முனை கிடைக்குமாயின் அதுவே சிறந்தது.

திரும்பும் பெட்ரோல் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்பதும் கருதத்தக்கது. எஞ்சினருகே பெற்ற வெப்பத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. மைனரின் தொட்டி கொள்வது ஆறரை காலன், அதாவது ஏறத்தாழ 30 லிட்டர். மணிக்கு 190 லிட்டர் சுழலும்போது தொட்டியில் உள்ள பெட்ரோல் முழுவதும் பத்து நிமிடத்துக்குள் ஒருமுறை எஞ்சினைச் சுற்றி வந்துவிடும். அரைத் தொட்டியாயின் ஐந்து நிமிடம். மாலை நெரிசலில் நின்று நின்று செல்லும் வண்டியில் தொட்டி எவ்வாறு சூடேறும் என்பதை இதிலிருந்து உணரலாம். சூடேறிய பெட்ரோலில் குமிழிகள் தோன்றும். குமிழிகளைப் பம்பால் தள்ள இயலாது. எனவே, மீள்குழாய் தொட்டிக்குள் திறக்கும் இடம், பம்பு உறிஞ்சும் இடத்துக்கு நேரெதிரே அமையாமல் சற்று விலகி அமைதல் வேண்டும். புகைபோக்கிக் குழாயின் அருகே மீள்குழாயைக் கொண்டு செல்லுதலும் தவறு.

இந்த வெப்பத்தையும் அதனால் எழும் ஆவியையும் கருதியே, தொண்ணூறுகளிலிருந்து பல நிறுவனங்கள் நீண்ட மீள்குழாயையே நீக்கிவிட்டன. அவ்வண்டிகளில் சீராக்கி தொட்டிக்குள்ளோ அதன் அருகிலோ அமர்ந்து, மிகுதியை அங்கேயே திருப்பிவிடும். எஞ்சின்வரை ஒரே குழாய்தான் செல்லும். அத்தகைய எஞ்சினைப் பழைய வண்டியில் பொருத்துவோர் வடிகட்டியும் சீராக்கியும் இணைந்த உறுப்பு ஒன்றைத் தொட்டியருகே வைத்து, ஒரு முழ நீளத்தில் மீள்வழியை முடித்துவிடலாம். தடை குறைவு, சூடும் குறைவு. வழி சுருங்கிற்றே தவிர, மிகுதிக்குத் திரும்பும் வழி வேண்டும் என்னும் விதி அங்கும் மாறவில்லை.

எண்ணிப் பார்த்தால், மனிதன் பெரும்பாலும் செல்லும் வழியையே போற்றுகிறான். வலிய பம்பு, பளபளக்கும் இஞ்செக்டர், மிகுந்த குதிரைத்திறன் ஆகியவை கண்ணைக் கவர்கின்றன. அவற்றுக்குப் பணம் செலவிட அவன் தயங்குவதில்லை. திரும்பும் வழிக்கு வந்ததும் பழையது போதும், சிறியது போதும் என்கிறான். ஆனால், முழு அமைப்பின் அமைதியும் அந்த வழியிலேயே தங்கியிருக்கிறது. பேராற்றல் வேண்டிய நேரத்தில் எவ்வளவு கொடுக்க முடிகிறது என்பது ஒரு தேர்வு. ஆற்றல் வேண்டாத நேரத்தில் மிகுதியை நெருக்கடியின்றித் திருப்பிக்கொள்ள முடிகிறதா என்பது அதனினும் கடுமையான தேர்வு. எஞ்சின்கள் மட்டுமன்றி, ஓய்வு நாளில் என்ன செய்வதென்று அறியாமல் கொதிக்கும் உழைப்பாளிகளும் இந்த இரண்டாவது தேர்விலேயே தோற்கின்றனர்.

முன்னோர் விட்டுச்சென்ற ஒன்றைப் புதிய காலத்துக்கு ஏற்ப மாற்றி வாழவைக்க விரும்புதல் நல்ல விருப்பமே. அது வண்டியாயினும், வீடாயினும், மொழியாயினும் அவ்விருப்பமே அதனை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு செல்கிறது. ஆனால், பழைய உடலுக்குப் புதிய இதயத்தைத் தருவோர், அந்த இதயத்துக்குரிய நாளங்களையும் தர வேண்டும். செல்லும் நாளத்தை மட்டும் தந்துவிட்டு, மீளும் நாளத்தைப் பழமையின் கருணைக்கு விட்டுவிடுதல் கூடாது. பம்பின் அளவைக் கேட்டறிதல், குழாயின் குறுகிய இடத்தைத் தேடிக் காணுதல், ஊகத்தை விட்டு அழுத்தமானியால் அளந்து பார்த்தல் ஆகிய மூன்றையும் செய்வோரின் கையில் பழைய வண்டி பழுதின்றி மலையேறும். மலையேறியபின் விளக்குக் கம்பத்தருகே அமைதியாக நிற்கவும் செய்யும்.